எண் 8 கறி அரைக்கும் கை மெஷின்: ஆட்டுக்கறி பர்கர் செய்பவர்கள் வாங்கலாமா?

வீட்டில் ஆட்டுக்கறி பர்கர் செய்யத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது, கறியை வட்டமாக அழுத்தித் தரும் பர்கர் பிரஸ். அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். எவர்சில்வர் டப்பாவின் மூடி ஒன்றில் பட்டர் பேப்பரை விரித்து, அதில் கறியை வைத்துத் தட்டினால் அதே வட்டம் வந்துவிடும். காசு போட வேண்டியது அரைக்கும் கருவியில். மேசை விளிம்பில் திருகி மாட்டுகிற, வெள்ளீயம் பூசிய வார்ப்பிரும்பு மெஷின், எண் 8 அளவு. இந்த வேலைக்கு மின்சார மெஷினோ மிக்ஸியோ இதற்கு ஈடாகாது என்பதே எங்கள் முடிவு.

குழம்புக்கும் கோலா உருண்டைக்கும் கொத்துக்கறி எப்படி அரைபட்டிருந்தாலும் மசாலா அதைத் தூக்கி நிறுத்திவிடும். பர்கரில் அந்த ஆதரவு கிடையாது. கறி, கொழுப்பு, உப்பு, மிளகு, தீ, அவ்வளவுதான். சதையும் கொழுப்பும் தனித்தனித் துணுக்குகளாக இருந்தால், கல்லில் போட்டதும் கொழுப்பு உருகி இடைவெளிகளில் நிற்கும். கடிக்கும்போது சாறு வரும். அரைக்கும்போதே கொழுப்பு இளகிச் சதைமேல் பூசிக்கொண்டால், கல்லில் விழுந்த வேகத்தில் அது வெளியே ஓடிவிடும். தட்டில் மிஞ்சுவது காய்ந்து ரப்பர் போன்ற ஒரு வட்டு. வீட்டு பர்கர்கள் கெடுவதற்கு முதல் காரணம் இதுதான்.

மிக்ஸி தோற்பதும் இங்கேதான். அதன் கத்தி நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றுகிறது. கறி வெட்டுப்படுவதோடு சூடாகியும் போகிறது. ஜாரின் அடியில் விழுதும் மேலே முழுத்துண்டுமாக நிற்கிறது. மிக்ஸி மட்டுமே கையில் இருக்கிறது என்றால், பாதி உறைந்த கறியை 150 கிராம் அளவாகப் போட்டு, ஒரு நொடி விட்டு விட்டு எட்டுப் பத்து முறை திருப்புங்கள். சாப்பிடத் தகுந்த பர்கர் வரும், நல்ல பர்கர் வராது. கறிக்கடைக்காரர் புளியமரக் கட்டையில் கத்தியால் கொத்தித் தருவது இதைவிடப் பல மடங்கு மேல். கை மெஷின் வாங்க மனமில்லாதவர்கள் அவரிடமே, “அண்ணே, மெஷின்ல போடாதீங்க, கையாலயே கொத்துங்க, ரொம்பப் பொடியா வேணாம்” என்று கேட்டு வாங்கலாம். அதில் ஒரே குறை, கொழுப்பின் அளவு உங்கள் கையில் இல்லை.

மெஷினுக்கு வருவோம். இவற்றின் எண்கள், முன்பக்கத்தில் இருக்கும் துளைத்தட்டின் விட்டத்தைக் குறிக்கின்றன. எண் 5 என்றால் சுமார் 54 மில்லிமீட்டர், எண் 8 என்றால் 62, எண் 10, 12 இரண்டுக்கும் 70, எண் 22 என்றால் 82. இந்த அளவுமுறையை நிறுவனங்கள் பொதுவாகக் கடைப்பிடிப்பதால், எண் 8 மெஷினுக்கு வேறு கம்பெனியின் எண் 8 கத்தியும் தட்டும் பெரும்பாலும் பொருந்தும். நடுத்துளையின் அளவு மட்டும் சில சமயம் மாறுபடும். பழைய தட்டைக் கையோடு எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்குங்கள். எண் எதுவும் அச்சிடாமல் விற்கப்படும் மெஷினை வாங்கவே வாங்காதீர்கள். கத்தி மழுங்கிய அன்றே மெஷினும் குப்பைக்குப் போகும்.

எண் 5 சின்னது, கறியை விரல் பருமனுக்கு வெட்டிப் போட வேண்டும். எண் 10 பெரிய குடும்பத்துக்குச் சரி, ஆனால் கனம் அதிகம். எண் 8-இல் ஒரு கிலோ கறியைப் பத்து நிமிடத்துக்குள் அரைத்துவிடலாம், கையும் நோகாது.

அலுமினிய உடம்போடு வருபவை விலை குறைவு. அரைப்பதில் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் திருகுமரைகள் சீக்கிரம் தேய்கின்றன. பாத்திரம் கழுவும் மெஷினில் ஒருமுறை போட்டாலே அலுமினியம் கறுத்து, தொட்டால் கையில் ஒட்டும். அடியில் உறிஞ்சுப் பிடி வைத்த பிளாஸ்டிக் மெஷின்களை முற்றாகத் தவிர்க்கவும். பளபளப்பான கிரானைட் மேடையில் அவை ஒட்டிக்கொள்கின்றன, அது உண்மைதான். அழுத்திச் சுற்றும்போதோ பிளாஸ்டிக் உடம்பு வளைகிறது, தட்டுக்கும் கத்திக்கும் இடையே இடைவெளி விழுகிறது, கறி நசுங்குகிறது.

வார்ப்பிரும்பு மெஷினை வாங்கும் முன் உங்கள் மேடையின் விளிம்பை அளந்து பாருங்கள். நம் சமையலறைகளில் இதுதான் பெரிய சிக்கல். மெஷினின் கிடுக்கி அகலம் பெரும்பாலும் நான்கைந்து சென்டிமீட்டர். கிரானைட் பலகையின் முன்விளிம்பில் இரண்டாவது பட்டை ஒட்டித் தடிமனாக்கியிருந்தால் கிடுக்கி ஏறாது. அடியில் அலமாரிக் கதவு நெருங்கியிருந்தாலும் திருகைச் சுற்ற இடம் கிடைக்காது. ஏறினாலும் வழவழப்பான கல்லில் மெஷின் நகர்ந்துகொண்டே இருக்கும். மேலும் கீழும் பழைய சைக்கிள் டியூப் துண்டு வைத்து இறுக்கினால் நிற்கும். டைல்ஸ் ஒட்டிய விளிம்பில் மாட்டாதீர்கள், விரிசல் விட்டுவிடும். கனமான மரமேசையோ பெஞ்சோ இருந்தால் அதுதான் உத்தமம்.

பெட்டியில் இருப்பவை உடம்பு, உள்ளே சுழலும் திருகுத்தண்டு, நான்கு கைகள் கொண்ட கத்தி, துளைத்தட்டு, அதைப் பிடிக்கும் வளையம், கைப்பிடி ஆகியவை. கத்தியை மாட்டும் திசையில்தான் பலர் தவறுகிறார்கள். கத்தியின் ஒரு பக்கம் தட்டையாகவும் கூராகவும் இருக்கும், மறுபக்கம் வளைந்து சரியும். தட்டையான பக்கம் துளைத்தட்டைப் பார்த்து, அதை உரசிக்கொண்டு இருக்க வேண்டும். திருப்பி மாட்டினாலும் மெஷின் சுற்றும், கறியும் வெளியே வரும். ஆனால் வெட்டுப்படாமல் பிதுங்கி வரும். “மெஷின் மட்டம், கறியைக் கூழாக்குகிறது” என்ற புகார்களில் பாதிக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். தட்டின் விளிம்பிலுள்ள வெட்டு, உடம்பிலுள்ள முனையில் உட்கார வேண்டும். வளையத்தைக் கையால் நன்றாக இறுக்குங்கள். தளர்ந்திருந்தால் நரம்பும் சவ்வும் கத்திக்கும் தட்டுக்கும் நடுவே புகுந்து சுற்றிக்கொள்ளும்.

புது மெஷினில் முதலில் கருஞ்சாம்பல் நிறத்தில் எண்ணெய்க் கசடு வரும். சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவி, துடைத்து, இரண்டு துண்டு பிரெட்டும் கொஞ்சம் கொழுப்பும் அரைத்துக் கொட்டிவிடுங்கள். வருவது வெள்ளையாக வரும்வரை தொடரவும்.

இனி கறி. பர்கருக்குச் செம்மறிதான் ஏற்றது. வெள்ளாட்டில் தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு, சதையும் வறட்சி. செம்மறியிலும் குட்டியாக இருந்தால் சதை மென்மை, வாடையும் மிதம். ஆட்டுக்கறிக்கே உரிய அந்த வாடை பெரும்பாலும் கொழுப்பில்தான் தங்கியிருக்கிறது. வயது ஏற ஏற அது கூடும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் எளிது, ‘லாம்ப்’ என்று எழுதியிருந்தாலே இளசு என்று அர்த்தம். ஆஸ்திரேலியாவில் 2019 ஜூலை முதல் உள்ள வரையறைப்படி, 12 மாதத்துக்கு உட்பட்டதோ, நிரந்தர வெட்டுப்பல் இன்னும் முழுதாக எழாததோதான் லாம்ப். நம் ஊரில் கடைக்காரரை நம்பித்தான் ஆக வேண்டும். சதை இளஞ்சிவப்பாகவும் கொழுப்பு வெள்ளையாகவும் இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். கருஞ்சிவப்புச் சதையும் மஞ்சளோடிய கொழுப்பும் பெரும்பாலும் முற்றிய ஆட்டின் அடையாளம்.

வாங்க வேண்டியது தோளும் முன்னந்தொடையும். பின்னந்தொடை மட்டும் போட்டால் கொழுப்பு போதாது. எலும்பு நீக்கிய பிறகு சதையையும் கொழுப்பையும் பிரித்துத் தனித்தனியாக எடை போடுங்கள்: 800 கிராம் சதைக்கு 200 கிராம் கொழுப்பு. கண்ணளவில் போட்டால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பர்கர் வரும். கொழுப்பு 15 சதவீதத்துக்குக் கீழே போனால் வறண்டுவிடும். 25 சதவீதத்தைத் தாண்டினால் கல்லில் குளம் கட்டி, வட்டு பாதியாகச் சுருங்கிவிடும். கொழுப்பு குறைந்தால் கடைக்காரரிடம் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கெட்டிக் கொழுப்பைக் கொஞ்சம் கேளுங்கள். அது உறுதியாக நின்று சுத்தமாக வெட்டுப்படும்.

கறியைக் கழுவுவது நம் பழக்கம். கழுவுவதானால் முழுத்துண்டாக இருக்கும்போதே கழுவி, துணியால் ஒற்றி, ஈரம் துளியும் இல்லாமல் செய்துவிடுங்கள். அரைத்த கறியை ஒருபோதும் கழுவக் கூடாது. ஒவ்வொரு துணுக்கிலும் தண்ணீர் தங்கும். கல்லில் போட்டால் பொரியாமல் அவியும்.

வெள்ளைச் சவ்வு, நரம்பு, நிணநீர்க் கட்டிகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். தட்டில் ஒட்டாமல் பரப்பி, ஃப்ரீசரில் 30 முதல் 40 நிமிடம் வையுங்கள். விளிம்பு விறைத்து, நடுவில் அழுத்தினால் இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும். முழுதாக உறைந்தால் மெஷின் சுற்றாது. அதே நேரம் திருகுத்தண்டு, கத்தி, தட்டு மூன்றையும் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். சித்திரை வெயிலில் சமையலறை 35 டிகிரியைத் தாண்டும் ஊர்களில் உடம்பையும் சேர்த்தே வைக்க வேண்டும். வார்ப்பிரும்பின் அருமை இங்கேதான் தெரிகிறது: அந்தக் கனம் குளிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஒரு கிலோ அரைத்து முடியும்வரை கறி இளகாது.

தட்டில் 6 மில்லிமீட்டர் துளை உள்ளது பர்கருக்குச் சரி. பெட்டியோடு வருவது பெரும்பாலும் 4.5 மில்லிமீட்டர்; அது கபாபுக்கு நல்லது, பர்கருக்குக் கொஞ்சம் நெருக்கம். தனியாக ஒரு 6 மில்லிமீட்டர் தட்டு வாங்கிவிடுங்கள். ஒரே ஒரு முறை அரைத்தால் போதும். சதை நான்கு துண்டு, கொழுப்பு ஒரு துண்டு என்று மாற்றி மாற்றிப் போட்டால் தானாகவே கலந்து வரும், பிறகு பிசைய வேண்டிய தேவையே இல்லை. நிதானமாக, ஒரே சீராகச் சுற்றுங்கள். கறி புழுப்புழுவாக, சிவப்பும் வெள்ளையும் தனியாகத் தெரியும்படி விழ வேண்டும். வெளிறிய ரோஜா நிறத்தில் மெழுகுபோல வரத் தொடங்கினால் உடனே நிறுத்தி, வளையத்தைக் கழற்றிப் பாருங்கள். கத்தியில் நரம்பு சுற்றியிருக்கும், அல்லது கறி இளகியிருக்கும். அதைச் சரிசெய்யாமல் வேகமாகச் சுற்றினால் மிச்சமும் கெடும்.

உப்பு விஷயத்தில் எங்களுக்குத் தயக்கமே இல்லை: அரைத்த கறியில் உப்பைக் கலக்காதீர்கள். உப்பு சதையின் புரதத்தைக் கரைத்துப் பிசினாக்குகிறது. கோலா உருண்டையும் சீக் கபாபும் உடையாமல் நிற்க அந்தப் பிசின் வேண்டும். பர்கரில் அது வந்தால் கடிக்கும்போது துள்ளும், உதிராது. வட்டு தட்டிய பின், கல்லில் போடுவதற்குச் சற்று முன், இரண்டு பக்கமும் மேலே தூவுங்கள். 150 கிராம் வட்டுக்கு ஒன்றரை கிராம், அதாவது கால் டீஸ்பூன் போதும்.

இஞ்சி பூண்டு விழுது கலந்து ராத்திரி முழுக்க ஊறவைக்கிற பழக்கமும் இங்கே உதவாது. பச்சை இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. முழுத்துண்டுக் கறியை அது மென்மையாக்கும், அரைத்த கறியைச் சேறாக்கும். பச்சை வெங்காயத்தை நறுக்கிப் போட்டால் தண்ணீர் விட்டு வட்டு பிளக்கும். வெங்காயம் வேண்டுமென்றால் வதக்கி, முழுதாக ஆறவைத்து, ஒரு கிலோவுக்கு 80 கிராமுக்கு மிகாமல் சேர்க்கலாம். முட்டையும் பிரெட் தூளும் தேவையே இல்லை. வறுத்துப் பொடித்த சீரகம் இரண்டு டீஸ்பூன், கொரகொரப்பான மிளகு இரண்டு டீஸ்பூன், பொடியாக நறுக்கிய புதினா ஒரு கைப்பிடி. ஆட்டுக்கறிக்கு இவை மூன்றும் பொருந்துவதுபோல வேறெதுவும் பொருந்துவதில்லை. கரம் மசாலா போட்டால் கறியின் ருசி பின்னால் போய்விடும்.

ஒரு வட்டுக்கு 150 கிராம். பத்து சென்டிமீட்டர் பன்னுக்கு வட்டு பதினொன்று இருக்க வேண்டும், தடிமன் ஒன்றரை. வேகும்போது சுருங்கும் என்பதால் இந்தக் கூடுதல். கறியை அழுத்திப் பிசையாமல், ஒன்றுசேரும் அளவுக்கு மட்டும் தட்டுங்கள்; பர்கர் பிரஸை நாங்கள் ஒதுக்குவதும் அதன் நெம்புகோல் கறியை இறுக்கிவிடுவதால்தான். நடுவில் கட்டைவிரலால் ஆழமில்லாத ஒரு பள்ளம் போடுங்கள். ஓரம் முதலில் சுருங்கி நடுவைத் தூக்கும். பள்ளம் இருந்தால் மட்டமாக வரும். பிறகு அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும்.

கல்லுக்குத் தனிச் செலவு வேண்டாம், வீட்டு இரும்புத் தோசைக்கல்லே போதும். ஆனால் தோசை ஊற்றும் கல்லை இதற்கு எடுக்காதீர்கள். ஆட்டுக்கொழுப்பின் வாடை அதில் ஏறினால் அடுத்த சில நாள் தோசையில் தெரியும். ஒரு பழைய கல்லை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். கல் நன்றாகக் காய்ந்து லேசாகப் புகை எழும்போது எண்ணெயைத் தடவி, வட்டைப் போடுங்கள். முதல் மூன்று நிமிடம் தொடாதீர்கள். நன்றாகப் பொரிந்தால் தானாகவே கல்லை விட்டு எழும்; ஒட்டினால் இன்னும் ஆகவில்லை. திருப்பிப் போட்டு மூன்று நான்கு நிமிடம். கரண்டியால் அழுத்தினால் வரும் ‘சுர்’ சத்தம், சாறு வீணாகும் சத்தம். நான்ஸ்டிக் தவாவை இந்தச் சூட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, பூச்சு கெடும்.

கறியில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்றும் வாங்கிவிடுங்கள், அதற்குக் காரணம் உண்டு. முழுத்துண்டுக் கறியில் கிருமிகள் மேற்பரப்பில்தான் பெரும்பாலும் இருக்கும், மேலே பொரிந்தால் போதும். அரைக்கும்போது மேற்பரப்பு முழுதும் உள்ளே கலந்துவிடுகிறது. அமெரிக்க வேளாண் துறை அரைத்த ஆட்டுக்கறிக்குச் சொல்வது 71 டிகிரி செல்சியஸ். பிரிட்டனின் உணவுத் தர முகமை சொல்வது 70 டிகிரியில் இரண்டு நிமிடம். நிறத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. சில கறி வேகும் முன்பே பழுப்பாகும், சில வெந்த பின்பும் சிவந்திருக்கும். கம்பியை மேலிருந்து குத்தாமல் பக்கவாட்டில் நடுவரை செலுத்துங்கள். 68 காட்டும்போது அடுப்பை அணைத்து, கல்லிலேயே விட்டு, 71 தொட்டதும் எடுத்துவிடலாம். 80-ஐத் தாண்ட விட்டால் அரைத்ததில் பட்ட பாடு அத்தனையும் போச்சு. கருவி சரியா என்று பார்க்க, நொறுக்கிய ஐஸ் போட்ட தண்ணீரில் 0 காட்ட வேண்டும். கொதிக்கும் நீரில் 100 என்பது சமவெளிக் கணக்கு. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும், அங்கே ஐஸ் சோதனையையே நம்புங்கள்.

ஆட்டுக்கொழுப்பு உருகும் சூடு நம் உடம்புச் சூட்டைவிட அதிகம். ஆறினால் அண்ணத்தில் மெழுகாக ஒட்டும். ஆகவே பன், தயிர், வெள்ளரி எல்லாம் தயாரான பிறகே வட்டைக் கல்லில் போடுங்கள். எடுத்து இரண்டு நிமிடத்தில் சாப்பிட உட்கார வேண்டும். பேக்கரி பன் இனிப்பாகவும் மிருதுவாகவும் இருப்பதால் வெட்டிய பக்கத்தைக் கல்லில் மிஞ்சிய கொழுப்பிலேயே பழுப்பாக வாட்டுங்கள், ஊறிப்போகாது. துணியில் கட்டித் தண்ணீர் வடித்த தயிரில் பூண்டும் புதினாவும் போதும். கெச்சப்பின் இனிப்பு ஆட்டுக்கறியோடு சண்டை போடும்.

மிஞ்சிய வட்டுகளை உப்பில்லாமல், நடுவே பட்டர் பேப்பர் வைத்து, காற்றுப் புகாத பையில் மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் மூன்று நான்கு மாதம் தரம் குறையாது. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் என்றால் அடுத்த நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.

பராமரிப்பில்தான் இந்த மெஷின் கொஞ்சம் வேலை வாங்கும், அதை மறைக்க விரும்பவில்லை. அரைத்து முடித்ததும் ஒரு துண்டு பிரெட்டை விட்டுச் சுற்றினால் உள்ளே தங்கிய கறி வெளியே வந்துவிடும். உடனே கழற்றி, வெந்நீரும் சோப்பும் போட்டு, துளைத்தட்டை டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். ஊறப்போட்டு மறந்தால் கத்தியிலும் தட்டிலும் ஒரே ராத்திரியில் துரு ஏறும், ஏனென்றால் அவற்றில் வெள்ளீயப் பூச்சு கிடையாது. துணியால் துடைத்து, இளஞ்சூட்டில் காட்டி ஈரம் போக்கி, கடலை எண்ணெய் தடவி, பேப்பரில் சுற்றி வையுங்கள். உடம்பைத் தீயில் நேராகக் காட்டாதீர்கள், பூச்சு உருகிவிடும். வெயிலில் வைத்தால் போதும். உள்ளே பூச்சு உரிந்து இரும்பு தெரியத் தொடங்கினால் ஈயம் பூசுகிறவரிடம் கொடுக்கலாம். ஆனால் சமையல் பாத்திரத்துக்கு என்று சொல்லி, சுத்தமான வெள்ளீயம்தானா என்று உறுதிப்படுத்திக்கொண்டு கொடுங்கள். காரீயம் கலந்திருந்தால் மெஷினையே கைவிடுவது நல்லது. கத்தி மழுங்கினால் தட்டையான பக்கத்தை மட்டும், கண்ணாடிமேல் விரித்த நைஸ் எமரி தாளில் வட்டமாகத் தேய்த்தால் கூர் திரும்பும். துளைத்தட்டையும் அப்படியே. இரண்டையும் ஜோடியாகவே தேய்க்க வேண்டும், ஜோடியாகவே மாற்ற வேண்டும். புதுக் கத்தியைப் பழைய தட்டோடு போட்டால் இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும்.